நாலு நிமிஷப் பார்வை

இன்னும் நாலு பேர் இருந்தார்கள், ஆவுடையப்பனுக்கு முன்னால். ஆளுக்கு நாலு நிமிஷம், ஆகப் பதினாறு என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது, போட்டதை மறந்தது, மறந்ததை மறுபடி போட்டது. முட்டுக்காட்டில் உப்பங்கழியைப் பார்க்கக் கட்டிய பழைய பங்களா அது. மாடியில் நீளமாக ஒரு கூடம், மேற்கே மூன்று ஜன்னல், ஜன்னலுக்கெல்லாம் மெல்லிசான வெள்ளைத் திரை. நடு ஜன்னலோரம் ஒரு முக்காலி, முக்காலியில் மிருதுளா என்கிற மாடல் பெண், அவளுக்கு எதிரே அரைவட்டமாகப் பத்து ஆம்பளைகள், பத்துக் கழுத்தில் பத்துக் கேமரா. மார்கழி மாசத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. தலைக்கு இரண்டாயிரம் கட்டி ஒரு பெண்ணை உட்காரவைத்துச் சுற்றி நின்று பார்க்கிறார்களே, இவர்களுக்கு வீடு வாசல் இல்லையா என்று வெளியே இருந்து பார்க்கிறவன் கேட்டால் அவன்மேல் தப்பு சொல்ல முடியாது. நல்லவேளை, வெளியே யாருமில்லை. தண்ணீரில் ஒரு நாரைதான் நின்றது, அதற்கு வேறு வேலை இருந்தது. திரை உப்பியது, அடங்கியது. உப்பும்போது வெளிச்சம் அந்தப் பெண்ணின் கன்னத்தில் பாலாடை மாதிரி படிந்தது, அடங்கும்போது கழுத்துக்கு வழுக்கி இறங்கியது. "கண்ணு டாக்டர் சாருக்கு!" என்று சத்தம் போட்டான் ஜெரால்டு. அவன்தான் இதையெல்லாம் ஏற்பாடு செய்கிறவன். ராயபுரத்துப் பையன், முப்பது வயசு இருக்கும், மாசத்துக்கு ஒரு ஞாயிறு ஒரு இடம் பிடித்து, ஒரு மாடலைப் பேசி, வாட்ஸப்பில் ஆள் சேர்த்துக் கூட்டி வருவான். காலையிலேயே சட்டத்தைச் சொல்லிவிட்டான்: பட்டனை யார் எப்போது வேண்டுமானாலும் அமுக்கிக்கொள்ளலாம், கேள்வி கிடையாது. ஆனால் அவளுடைய பார்வை வரிசைப்படிதான். கண் யாருக்கு என்று அவன் சொல்கிறானோ அவருடைய லென்ஸை மட்டும்தான் நாலு நிமிஷம் அவள் பார்ப்பாள். மற்ற ஒன்பது பேருக்கும் கிடைப்பது வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு முகம். இப்போது அவள் பல் டாக்டரைப் பார்த்தாள்.

வேறு யாரையோ பார்க்கிற முகம் ஆவுடையப்பனுக்குப் பழகிப்போன சமாச்சாரம். இருபத்தொன்பது வருஷமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். அங்கே வருகிற யாரும் அவரைப் பார்த்து நிற்க மாட்டார்கள், நெஞ்சைப் பலகையில் ஒட்டிக்கொண்டு சுவரைத்தான் பார்ப்பார்கள். அங்கே முகமும் வேண்டாம், தோலும் வேண்டாம். கறுப்போ சிவப்போ, மருவோ மச்சமோ, எதுவும் எக்ஸ்ரேயில் விழாது. எல்லாரும் உள்ளே ஒரே சாம்பல் நிறம்தான் என்று அவர் கேண்டீனில் டீ குடிக்கும்போது சொல்லுவார், கேட்கிறவர்கள் பெரிய ஞானியைப் பார்க்கிற மாதிரி தலையாட்டுவார்கள். நாற்பத்தேழு வயசில் கேமரா வாங்கினார். மீன்கொத்தி எடுத்தார், கதவு எடுத்தார், கிழிந்த போஸ்டர் எடுத்தார், மழையில் நனைந்த சைக்கிள் சீட்டு எடுத்தார். மனுஷ மூஞ்சி மட்டும் எடுப்பதில்லை. ஒரே ஒரு முகத்தை எடுத்தார், எடுத்துவிட்டுப் பட்ட பாடு போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த ஒரே முகம் செண்பகம், அவர் சம்சாரம். போன செவ்வாய்க்கிழமை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், அவள் சொன்னாள்: "நமச்சி கல்யாணத்துக்கு மேடைக்கு வாரேன், அட்சத போடுதேன், வாரவங்கள வாங்கன்னு கேக்கேன். போட்டோவுக்கு மட்டும் நிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்." நமச்சி அவர்களுடைய ஒரே பிள்ளை. தை பத்தொன்பதாம் தேதி திருநெல்வேலியில் முகூர்த்தம். ஒரே பிள்ளையின் கல்யாண ஆல்பத்தில் அம்மா இல்லை என்றால் என்ன அர்த்தம், செத்துப்போனவளா, ஓடிப்போனவளா, அப்படித்தானே புரட்டுகிறவன் நினைப்பான். கீரை ஆய்கிற சத்தம் அன்றைக்கு முழுக்க நின்றபாடில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது, காரணம் அவர்தானே. இது அவருக்குத் தெரியும். தெரிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஆகவே இங்கே வந்து நிற்கிறார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் செண்பகத்துக்கு உதட்டின் இடது ஓரத்தில் ஒரு வெண்புள்ளி விழுந்தது. அரிசியளவு இருந்தது, அப்புறம் புளியங்கொட்டையளவு, அப்புறம் உதட்டைத் தாண்டிக் கன்னத்துக்கு ஏறியது. ஒட்டாது, ஒன்றும் செய்யாது, பயப்படாதீர்கள் என்றார் தோல் டாக்டர். அவள் பயப்படவும் இல்லை. மார்க்கெட்டுக்குப் போனாள், கோயிலுக்குப் போனாள், ஒரு கிரகப்பிரவேசத்தில் ஒருத்தி தாம்பூலத் தட்டை இவளைத் தாண்டி அடுத்தவளுக்கு நீட்டியதை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டிச் சிரித்தாள். போட்டோவுக்கும் நின்றுகொண்டுதான் இருந்தாள், சத்தியமாக நின்றாள். அப்புறம் அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தது. மொட்டைமாடியில் துணி காயப்போட வந்தவளைச் "சும்மா நில்லு" என்று நிறுத்தி ஒரே ஒரு படம் எடுத்தார். நல்ல படம், கண்ணில் உயிர் இருந்தது. அதை அப்படியே விட்டிருக்கலாம். விட்டாரா? கம்ப்யூட்டரில் ஏற்றி, மூன்று நாள் உட்கார்ந்து, வலது கன்னத்திலிருந்து நிறத்தை எடுத்து எடுத்து இடது பக்கத்தில் வைத்து, வெள்ளையையெல்லாம் அழித்தார். உதட்டுக் கோடு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று மூச்சுவிடாமல் பார்த்துப் பார்த்துச் செய்தார். மூன்றாம் நாள் ராத்திரி முடிந்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது, அவ்வளவு நன்றாக வந்திருந்தது. சட்டம் போட்டுக் கையில் கொடுத்தார். செண்பகம் ரொம்ப நேரம் பார்த்தாள். பாத்ரூம் பக்கம் எடுத்துக்கொண்டு போனாள், திரும்பி வந்தாள், "நல்லாருக்கு" என்றாள். அன்றையிலிருந்து எவனாவது செல்போனைத் தூக்கினால் போதும், அவள் உள்ளங்கை வாய்க்குப் போய்விடும். அடுக்களையில் ஏதாவது வேலை வந்துவிடும். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று இந்த மனுஷனுக்கு உறைக்கவே ஏழு மாசம் ஆனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஆவுடை சார், தூங்கிட்டீங்களா?" என்று காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல். ஹபிபுல்லா பாய். பல்லாவரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர், உரல் தண்டிக்கு ஒரு லென்ஸ் வைத்திருக்கிறவர், இந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர். "இல்ல பாய், யோசனை" என்றார் ஆவுடையப்பன். "என்ன யோசனை, ரெண்டாயிரம் தண்டமான்னா? மொத தடவ வர்ற எல்லாருக்கும் அந்த யோசனைதான். நல்லா கேட்டுக்குங்க. தனியா ஒரு பொண்ணைக் கூப்பிட்டு எடுக்கணும்னா சம்பளம் இருக்கு, இடத்து வாடகை இருக்கு, மேக்கப் இருக்கு, அதுக்கு மேல நம்ம வயசுக்கு ஒரு பொண்ணைத் தனியாக் கூப்பிடறதுன்னா அக்கம்பக்கம் என்ன சொல்லும்? ரோட்டுல ஒருத்தனை எடுத்தா எதுக்குடா எடுத்தேன்னு சட்டையைப் பிடிக்கிறான். வீட்ல எடுக்கலாம்னா எங்க வீட்ல கேமராவைப் பாத்தாலே, இன்னுமா இதை விக்கலைன்னு கேக்கறாங்க. இங்க வந்தா கௌரவமா நிக்கலாம், வெளிச்சம் எப்படி விழுதுன்னு படிக்கலாம், பிரியாணியும் உண்டு." பாய் சொன்னால் மறுக்க முடியாது, அவர் பேச்சில் டைல்ஸ் விற்கிற சாமர்த்தியம் இருந்தது. ஆனால் பத்து பேரும் ஒரே படத்தோடுதானே வீட்டுக்குப் போகப்போகிறோம், அதே ஜன்னல், அதே திரை, அதே கன்னம், நாளைக்குப் பத்து பேரும் வாட்ஸப்பில் போட்டால் பத்தும் ஒரே ஆள் எடுத்தது மாதிரி இருக்காதா, வெளிச்சத்தை ஜெரால்டு வைக்கிறான், முகத்தை அவள் வைக்கிறாள், நம் பங்கு என்ன, விரல் மட்டும்தானா. இதைக் கேட்கவும் செய்தார். பாய் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "விரல்தான் சார். விரலுக்கும் பழக்கம் வேணும்ல?" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஆவுடையப்பன் விரலைப் பழக்க வரவில்லை. வெளிச்சத்தை எங்கே வைத்தால் ஒரு முகத்தில் பாதியை நிழலுக்குள் தள்ளலாம் என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார். அவருடைய கட்சி இதுதான்: அன்றைக்கே எனக்கு வெளிச்சம் கையாளத் தெரிந்திருந்தால் இடது பக்கத்தை இருட்டில் விட்டிருப்பேன், கம்ப்யூட்டரில் அழிக்க வேண்டி வந்திருக்காது, அவளுக்கும் சங்கடம் வந்திருக்காது. தைக்குள் படித்துவிட வேண்டும், கல்யாண மேடையில் நானே நின்று எடுக்க வேண்டும், அவள் பார்த்து அட, இப்படியா இருக்கேன் என்று சொல்ல வேண்டும். மனுஷன் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வதில் மகா கெட்டிக்காரர்.

டாக்டருடைய நாலு நிமிஷம் முடிந்தது. கண் அடுத்தவருக்குப் போனது, நல்ல உயரமான ஒரு ரயில்வேக்காரர். அவள் தலையைத் திருப்பவே இல்லை, கருவிழி மட்டும் நகர்ந்து இன்னொருத்தரிடம் போய் நின்றது. டாக்டர் கேமராவை இறக்கினார், அவர் முகம் சட்டென்று சின்னதாகிப்போன மாதிரி இருந்தது, பாவம். பட்டன் சத்தம் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு பக்கம் தொடங்கி இன்னொரு பக்கம் ஓய்ந்தது. மிருதுளா முக்காலியில் மாறி உட்காரும்போது சால்வை நழுவி இடது கை தெரிந்தது, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பளபளவென்று சுருங்கின தோல், எப்போதோ ஆவியோ எண்ணெயோ பட்டது. ஜெரால்டு பெரிய மனசோடு சொன்னான்: "அந்த மார்க்கைக் கண்டுக்காதீங்க சார், எடிட்ல எடுத்துக்கலாம்." ஆமா ஆமா என்றார்கள் எல்லாரும், அது ஒரு விஷயமா என்கிற மாதிரி. ஆவுடையப்பன் வாயும் ஆமா என்றது. மனசு யோசிப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது. அந்தப் பெண் சிரித்தாள், சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள், இதை ஆயிரம் தடவை கேட்டவள் மாதிரி. ஆவுடையப்பன் குனிந்து லென்ஸ் மூடியைத் தேடினார், அது அவர் கையிலேயே இருந்தது.

வெளிச்சம் தரையில் ஒரு சாண் நகர்ந்திருந்தது. நின்றுகொண்டே கண் சொக்கியது. திரை உப்பும்போது கூடமே ஒரு பெரிய மூச்சாக இருந்தது, அடங்கும்போது உப்புத்தண்ணீர் வாசனை வந்தது. அந்த வாசனையில் மொட்டைமாடி வந்தது, கொடியில் ஈரத்துண்டு வந்தது, துண்டுக்கு இந்தப் பக்கம் செண்பகம். இல்லை, அது வேறே செண்பகம், பெண் பார்ப்பதற்கு முன்னால் தென்காசி ஸ்டுடியோவிலிருந்து தபாலில் வந்த செண்பகம், இருபத்துமூன்று வயசு, பின்னால் வரைந்த அருவி, பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜா. அந்தப் படத்தில் அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், கொஞ்சம் கோபமாக. என்னைத்தான் பார்க்கிறாள் என்று ஒரு வாரம் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவருக்கு, எட்டாம் நாள், பஸ்ஸில் வரும்போது ஒரு நினைப்பு வந்தது: என்னை எங்கே பார்த்தாள், ஸ்டுடியோக்காரனையல்லவா பார்த்திருக்கிறாள். யாரென்றே தெரியாத அவன்மேல் அப்படி ஒரு பொறாமை வந்தது. பிறகு கல்யாணமாகி வந்து அவள் சோறு போட்டபோது, இலையைப் பார்த்துக்கொண்டே போட்டபோது, இனிமேல் இந்தக் கண் எனக்குத்தான், வரிசையும் இல்லை நிமிஷமும் இல்லை என்று ஒரு கிறுக்குச் சந்தோஷம். எவ்வளவு வருஷம் பார்த்தாள். காபி கொடுக்கும்போது, சண்டை போடும்போது, நமச்சி பிறந்த அன்றைக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு களைத்துப்போய்ப் பார்த்தாளே, அதெல்லாம் எந்த லென்ஸில் விழுந்தது. இப்போதும் பார்க்கிறாள், பார்க்காமல் என்ன. ஆனால் கேமரா கழுத்தில் தொங்கினால் அவள் கண் சுவருக்குப் போய்விடுகிறது. கேமரா இல்லாதபோதுகூட, அவர் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும், உள்ளங்கை கிளம்பிவிடுகிறது. ஐயோ, அது எப்போதிலிருந்து. ஆல்பத்தில் அவள் இல்லாமல் போவது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்று அப்படியே படம் விழுந்துவிடுவது. அதையும்விடப் பெரிய பயம் ஒன்று இப்போதுதான் தலைதூக்கியது: கல்யாணத்துக்குப் பேசியிருக்கிற போட்டோக்காரன் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் தானே எல்லா வெள்ளையையும் துடைத்து, பளிச்சென்று வேறொரு பொம்பளையை அச்சடித்துக் கொண்டுவந்து நீட்டுவான், அண்ணே, அம்மாவை எப்படிக் கொண்டாந்திருக்கேன் பாருங்க என்பான், நான் என்ன சொல்லி அவனைத் திட்ட முடியும். திரை உப்பியது. ரயில்வேக்காரர் முடிந்து, அடுத்தவர் முடிந்து, பாயும் தன் உரலை இறக்கிவிட்டிருந்தார். எப்போது முடிந்தது இதெல்லாம்.

"கண்ணு ஆவுடை சாருக்கு!"

வந்துவிட்டது. அவள் கருவிழி நகர்ந்து வந்து அவரிடம் நின்றது. இப்படி ஒரு பார்வையை அவர் எதிர்பார்க்கவே இல்லை, சும்மா சொல்லக்கூடாது, ஆளைத் தூக்கிவாரிப் போட்டது. எக்ஸ்ரே ரூமில் யாரும் இப்படிப் பார்த்ததில்லை. கண்டுபிடித்துவிட்டது போலவும் இருந்தது, ஒன்றையுமே பார்க்காதது போலவும் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும், எல்லாரும் ஏதாவது சொன்னார்கள், கொஞ்சம் இந்தப் பக்கம், லேசாச் சிரிங்க, ஜன்னலைத் தொடுங்க என்றெல்லாம். பிறகு, இருபத்தொன்பது வருஷத்துப் பழக்கம் தானாகவே வாயைத் திறந்தது. "தாடையைத் தூக்கும்மா. தோளை முன்னால தள்ளு. ம்ம். மூச்சை நல்லா இழுத்துப் பிடி. அசையக்கூடாது." சொன்னதோடு நின்றாரா என்றால் இல்லை. கால் அதுபாட்டுக்கு இரண்டு எட்டு பின்னால் வைத்து, இடது பக்கம் திரும்பி, எக்ஸ்ரே ரூம் தடுப்புக்குப் பின்னால் போகிற மாதிரி கூடத்துத் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது, கை தூணில் பட்டனைத் தேடியது. அந்தப் பெண்ணும் பாவம், சொன்னபடி கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சார், எங்க போயிட்டீங்க?" என்று பாய் கேட்டாரோ இல்லையோ, அவளுக்கு மூச்சு வெடித்துக்கொண்டு வந்தது, சிரிப்பும் இருமலுமாகக் குனிந்தாள், நிமிர்ந்தாள், கண்ணில் தண்ணீர். காலையிலிருந்து அந்த முகத்தில் இல்லாத ஒரு முகம் அது. ஒன்பது கேமராவும் படபடவென்று பொரிந்தன. தூணுக்குப் பின்னாலிருந்து வந்தவர் மட்டும் கேமராவைத் தூக்க மறந்து நின்றார். "என்ன வேலை சார் பாக்கறீங்க?" என்று கேட்டாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு. "எக்ஸ்ரே எடுக்கறேம்மா." அதற்கு இன்னொரு தரம் சிரிப்பு.

சிரித்த வேகத்தில் சால்வை மடியில் விழுந்திருந்தது. இடது கை முழுக்க வெளிச்சத்தில் இருந்தது, சுருங்கின தோல் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தண்ணீர் மாதிரி மினுங்கியது. அவள் கை சால்வையைத் தேடிப் போனது. "இருக்கட்டும்மா, அப்படியே இருக்கட்டும்" என்றார் ஆவுடையப்பன். தான் ஏதோ நல்ல காரியம் செய்கிற மாதிரி ஒரு பெருமை அவருக்கு. "எடிட்ல எடுத்துடுவீங்கல்ல சார்?" என்றாள். "இல்லம்மா. நான் எதையும் அழிக்கிறதா இல்ல. உள்ளது உள்ளபடி." அவள் ஒரு விநாடி அவரைப் பார்த்தாள், இது வரிசைப்படி கொடுத்த பார்வை இல்லை. "அப்ப மூடிக்கிறேன் சார்" என்றாள். கோபமில்லை, வருத்தமில்லை, பஸ்ஸில் இறங்குகிற இடத்தைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "தப்பா நினைக்காதீங்க. காட்டணுமா வேணாமான்னு நான்தானே சொல்லணும்?" சால்வையை எடுத்து, கையைச் சுற்றி, நுனியை விரலுக்குள் சொருகிக்கொண்டு, மறுபடியும் நிமிர்ந்து லென்ஸைப் பார்த்தாள், உங்கள் நேரம்தான், எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அவருக்கு எடுக்கத் தோன்றவில்லை. அழிக்கட்டுமா என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. அழிக்காமல் விடட்டுமா என்று இன்றைக்கும் கேட்கவில்லை. எல்லாம் நானே, முடிவும் நானே, பெருந்தன்மையும் நானே. நில்லு என்றேன், நின்றாள். கேட்டேனா ஒரு வார்த்தை. செண்பகம், இது இருக்கட்டுமா போகட்டுமா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும், அரை நிமிஷம் ஆகுமா. மூன்று நாள் உட்கார்ந்தேனே. "சார், இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றான் ஜெரால்டு. "பாய்க்குக் குடுத்துருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் படியிறங்கிப் போனார். பின்னால், "என்ன சார், கோவமா?" என்று யாரோ கேட்டார்கள். "லாட்டரி அடிச்ச மாதிரி ரெண்டு நிமிஷம் கிடைச்சுது, விடுங்க" என்று பாய் குரல் கேட்டது.

கீழே, தண்ணீரை ஒட்டிப் படித்துறை மாதிரி நாலு படி இருந்தது. அதில் உட்கார்ந்து போனைப் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"எங்க இருக்கிய? மிஷினு சரியாயிட்டா?" ஆஸ்பத்திரியில் மிஷின் ரிப்பேர், ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் வரச் சொல்லிவிட்டார்கள் என்று காலையில் அளந்துவிட்டு வந்திருந்தார்.

"மிஷினு நல்லாத்தான் இருக்கு. ஒன்ட்ட பொய் சொன்னேன். முட்டுக்காட்டுல இருக்கேன். ஒரு மாடல் பொண்ணப் படம் எடுக்கக் காசு கட்டி வந்தேன். பத்து பேரு."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது. "பத்து ஆம்பளயா? ஒரு பொண்ணையா? கூறுகெட்ட கூட்டமால்லா இருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நல்லா வந்துச்சா?" என்றாள்.

"ஒண்ணுகூட எடுக்கல."

"நல்ல ஆளுதான். பொறவு எதுக்குக் காசு கட்டுனிய?"

அதற்குப் பதில் இருந்தது, ஆனால் அது ரொம்பச் சுற்றுவழி. வெளிச்சம், நிழல், தை மாசம், இதையெல்லாம் சொல்லி மாளாது. "செண்பகம்" என்றார். "கல்யாண நாளுக்குக் குடுத்தேனே அந்தப் படம். ஒன்ட்ட ஒரு வார்த்த கேக்காம அழிச்சிட்டேன். அது தப்பு. கேட்டிருக்கணும்."

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"கேக்காததுக்கா நான் இப்படி இருக்கேன்னு நெனச்சிய?"

"பொறவு?"

"ஊரெல்லாம் அதத்தான் பாத்துச்சு" என்றாள் செண்பகம். குரல் ஒரே சீராக இருந்தது, ரொம்ப நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த குரல். "பால்காரன் பாத்தான், ஒங்க அக்கா பாத்தா, பஸ்ஸுல பக்கத்துல இருந்தவ எந்திரிச்சே போனா. போகட்டும்னு விட்டேன். நீங்க மட்டும் பாக்கலன்னு நெனச்சிருந்தேன். ஒரு நாளு ஒங்க கண்ணு அங்க போனதில்ல, ஒரு நாளு என்னன்னு கேட்டதில்ல. இந்த மனுசனுக்கு அது தெரியவே இல்ல போலன்னு நிம்மதியா இருந்தேங்க. வீட்டுக்குள்ள வந்தா அது இல்லாத மாதிரியே இருக்கும். நீங்க அந்தப் படத்தக் கொண்டாந்து குடுத்திய. நான் பாத்ரூம் கண்ணாடில வச்சு மூஞ்சியயும் படத்தயும் மாத்தி மாத்திப் பாத்தேன். மூக்குக்குக் கீழ கடுகுத் தண்டிக்கு ஒரு வெள்ள, எனக்கே தெரியாது. அதயும் விடாம அழிச்சிருந்திய."

நாரை இடம் மாறி நின்றிருந்தது. மாடியில் யாரோ கைதட்டினார்கள். இல்லை, பார்க்கவில்லை என்று இப்போது ஒரு பொய் சொன்னால் அவள் நம்பக்கூடச் செய்வாள், நம்பின மாதிரி இருந்துகொள்வாள். அந்தப் பொய் வாய் வரைக்கும் வந்தது.

"பாத்தேன்" என்றார். "மொத நாளே பாத்தேன். தெனமும் பாத்தேன். எவ்வளவு வளந்திருக்குன்னு நீ தூங்கும்போது பாப்பேன். கேட்டா நீ நொந்துக்கிடுவியோன்னு கேக்கல. பாத்துக்கிட்டேதான் ஒன் பக்கத்துல இருந்தேன்." அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"இத அன்னைக்கே சொன்னா என்னவாம்" என்றாள். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. குக்கர் இரண்டாவது விசில் விட்டது, அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவர் காத்திருந்தார்.

"நமச்சி கல்யாணத்துல நிப்பியா?"

"நிக்கேன்."

"நெசமாவா?"

"நிக்கேன்னு சொன்னேம்லா. ஆனா நீங்க அந்தக் கேமராவத் தூக்கிக்கிட்டு எனக்கு எதுத்தாப்புல நிக்கப்படாது. எவனோ எடுத்துட்டுப் போறான். நீங்க மேடையில எம் பக்கத்துல வந்து நில்லுங்க."

"சரி."

"எந்தப் பக்கம்னு கேக்க மாட்டியளா?"

"எந்தப் பக்கம்?"

"வெள்ள இருக்கே, அந்தப் பக்கம். ஒட்டி நிக்கணும். மாத்தி நின்னுராதிய."